மூன்று நாள், மூன்று மலை: மவுன்டன் பைக் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடர் விடுமுறை வந்தால் ஒரே இடத்தில் சுற்றாமல், நாளுக்கொரு மலையாக மவுன்டன் பைக் ஓட்டிவிட்டு வருவது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். கடந்த முறை என்னோடு நான்கு பேர் வந்தார்கள். நால்வருமே இதற்குப் புதியவர்கள். ஆரம்பத்தில் நான் செய்த தப்புகளை ஒன்று விடாமல் அவர்களும் செய்வதைப் பார்த்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. ஹெல்மெட், தண்ணீர், முதலுதவிப் பெட்டி பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பலகையின் நிறத்தை நம்பி இறங்குவது

எனக்கு இன்னும் மனம் ஆறாத தவறு இது.

சில வருடங்களுக்கு முன்பு முதல் நாள் ஒரு மலையில் நீல ட்ரெயில் ஓட்டினோம். ட்ரெயில் என்றால் சைக்கிள் தடம்; அது எவ்வளவு கடினம் என்பதை வாசலில் உள்ள பலகையின் நிறம் சொல்லும். மிருதுவான மண், அகலமான வளைவுகள். பிரேக்கைத் தொடாமலே பாதி தூரம் வந்துவிட்டேன். மறுநாள் வேறு மலை, அங்கேயும் நீலப் பலகை. நேற்று ஓட்டிய அதே நீலம்தானே என்று அதே வேகத்தில் இறங்கினேன். அந்த மலையோ முழுக்கப் பாறை. இரண்டாவது திருப்பத்திலேயே முன்சக்கரம் கற்களுக்கு நடுவில் சிக்க, ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் உள்ளங்கையை ஊன்றி விழுந்தேன். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலின் அடியில் இருந்த வலி போகவே இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்தபோதுதான் ஸ்கேபாய்ட் என்ற சின்ன எலும்பில் விரிசல் இருப்பது தெரிந்தது. அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் கூடும். மூன்று மாதம் சைக்கிளைத் தொட முடியவில்லை. கையை ஊன்றி விழுந்து அந்த இடத்தில் வலி நீடித்தால், முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

சரி, தவறு எங்கே? இந்த நிறக் குறியீடு பனிச்சறுக்கு மலைகளிலிருந்து வந்தது. பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சர்வதேச மவுன்டன் பைக் சங்கத்தின் வழிகாட்டுதலில் இதற்கு அளவுகளும் உண்டு. நீலம் என்றால் சராசரிச் சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், விலக முடியாத தடைகள் 8 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும், தடத்தின் அகலம் 24 அங்குலமாவது இருக்க வேண்டும். ஆனால் அதே வழிகாட்டுதல், ஒரு தடத்தைத் தனியாக மதிப்பிடாமல் அந்தப் பகுதியின் மற்ற தடங்களோடு ஒப்பிட்டுத்தான் தரம் போடச் சொல்கிறது. ஆகவே பாறை மலையின் நீலம், அந்தப் பாறை மலைக்கு நடுத்தரம். அவ்வளவுதான். பிரிட்டனில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று போகும். நடுவில் சிவப்பு வருவதால் அங்கே நீலம் பொதுவாகச் சற்று லேசானது. அப்புறம், நேற்று ராத்திரி மழை பெய்து வேர்கள் வழுக்குகின்றன என்பதை எந்தப் பலகையும் சொல்லாது.

புது மலைக்குப் போனால், நேற்று ஓட்டியதை விட ஒரு படி கீழே இருந்து தொடங்குங்கள். முதல் சுற்று பாதி வேகத்தில் போகட்டும். கீழே இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நிறுத்தி, நடந்து போய்ப் பாருங்கள். ஓட்டி முடித்து வருகிறவரிடம் "கஷ்டமா?" என்று கேட்டுப் பயனில்லை. "மண்ணா, பாறையா? குதிக்காமல் தாண்ட முடியாத இடம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

இவ்வளவையும் காரில் போகும்போதே சொன்னேன். தலையாட்டினார்கள். இரண்டாம் நாள் காலையில் அவர்களில் ஒருவர், முன்னால் போனவரின் பின்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பாறைச் சரிவை நோக்கிப் போனார். கத்தி நிறுத்த வேண்டியதாயிற்று. அப்போது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மூன்று நாளும் டயரில் ஒரே காற்று

கூரான பாறைக்குக் காற்று கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் ரிம் அடிபடும். ஈர வேருக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் பிடிக்கும். ஒன்றிரண்டு பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) மாறினாலே கையில் வித்தியாசம் தெரியும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், கேஜில் (டயர் அழுத்தம் பார்க்கும் கருவியில்) ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். வீட்டில் 22 வைத்துவிட்டுப் போனவர் மலையில் 25-ல் ஓட்டிக்கொண்டிருப்பார். அங்கே போய் மறுபடி பாருங்கள். எப்போதும் ஒரே கேஜால் பாருங்கள். இரண்டு கேஜ்கள் ஒரே எண்ணைக் காட்டும் என்று நம்பாதீர்கள்.

கிளம்பும் முந்தைய இரவு புது பிரேக் பேட்

புது பேட் உடனே பிடிக்காது. வேகமாகப் போய் மெதுவாக்குவது என்று ஒரு இருபது முறையாவது செய்தால்தான் பேடின் பொருள் டிஸ்க்கில் சீராகப் படியும். அதைச் செய்யாமல் நீண்ட இறக்கத்தில் இறங்கினால் பேட் பளபளப்பாகிப் பிடிப்பை இழக்கலாம். மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே மாற்றிப் பழக்குங்கள்.

சேற்றில் ஓட்டுவது

இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று மழை நின்றதும் களிமண் தடத்தில் இறங்குகிறார்கள். டயர் பதிந்த கோடு காய்ந்து வாய்க்காலாகிவிடும். அடுத்த மழைத் தண்ணீர் அதன் வழியே ஓடித் தடத்தை அரித்துக்கொண்டு போகும். பல இடங்களில் இந்தத் தடங்களைத் தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்து வெட்டியிருக்கிறார்கள். டயரில் மண் ஒட்டத் தொடங்கினால் திரும்பிவிடுங்கள். தண்ணீர் சீக்கிரம் வடியும் மணல் அல்லது பாறைத் தடம் ஒன்றை மழைநாளுக்கென்று திட்டத்தில் முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.

டெரெய்லர் ஹேங்கர்

பின்பக்கக் கியர் மாற்றியை ஃபிரேமோடு இணைக்கும் சின்ன உலோகத் துண்டு இது. விழுந்தால் வளையவோ உடையவோ செய்யும். உங்கள் பைக்குக்குப் பொருந்துவது இன்னொருவர் பையில் பெரும்பாலும் இருக்காது. ஒன்று வாங்கி வையுங்கள்.

"கடைசியாக இன்னும் ஒரு ரவுண்டு"

வேண்டாம்.

கடினமான மலையை மூன்றாம் நாளுக்கு வைப்பது

இரண்டு நாள் பிரேக்கை அழுத்திய விரல்கள் மூன்றாம் நாள் சொன்ன பேச்சைக் கேட்காது. முன்கை இறுகிப்போய் பிரேக் லிவர் எங்கே இருக்கிறதென்றே உணர்வில்லாமல் போகும். கடினமானதை இரண்டாம் நாள் காலையில் முடித்துவிடுங்கள். நாங்கள் இந்த முறை மூன்றாம் நாள் பச்சைத் தடம் ஒன்றில் இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, மதியத்துக்கு முன்பே சைக்கிள்களைக் காரில் ஏற்றிவிட்டோம்.