கலைப் பாடம் படித்தவர்கள் அமெரிக்க மருத்துவக் கல்லூரிக்குத் தயாராவது எப்படி: எதை முதலில், எதை அப்புறம்

இளங்கலையில் எந்தப் பாடம் படித்திருந்தாலும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987 முதலே இலக்கியம், வரலாறு படித்தவர்களுக்கென்று தனி வழி வைத்திருந்தது. அதனால் 'முடியுமா' என்பதை விட்டுவிடுகிறேன். நானும் வரலாறு படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள்தான்; வரிசையை மட்டும் சொல்கிறேன்.

1. வேதியியலை வைத்து அட்டவணை போடுங்கள்

பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், அப்புறம் கரிம வேதியியல், அதன்பின் உயிர்வேதியியல். பெரும்பாலும் ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் சேர விடமாட்டார்கள். மொத்தக் காலத்தையும் தீர்மானிப்பது இந்தச் சங்கிலிதான். உயிரியலையும் இயற்பியலையும் இதன் பக்கத்தில் செருகிக்கொள்ளலாம். கோடை வகுப்பில் பொது வேதியியலை முடிப்பது பரவாயில்லை. கரிம வேதியியலை அப்படி விழுங்காதீர்கள்.

முதல் செமஸ்டரிலேயே மூன்று அறிவியல் பாடங்களும் வேண்டாம். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் சேர்த்து விண்ணப்பத்தில் தனியாக ஒரு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) போடுவார்கள். வரலாற்றில் வாங்கிய நல்ல மதிப்பெண் அங்கே உதவிக்கு வராது.

2. கால்குலேட்டரை மூடி வையுங்கள்

நான் அதிக நேரம் மாட்டிக்கொண்டு நின்ற இடம் இது. மருத்துவக் கல்லூரிச் சேர்க்கைக்கான எம்கேட் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. தனிம அட்டவணை திரையில் கிடைக்கும், எழுதிப் பார்க்க ஒரு பலகையும் பேனாவும் தருவார்கள், அவ்வளவுதான். ஆனால் கல்லூரி வகுப்பில் கால்குலேட்டரோடுதான் பழகுவோம். பாடம் புரிந்தும் கணக்கில் நேரம் போகும்.

ஒரு உதாரணம். ஹைட்ரஜன் அயனிச் செறிவு 4 × 10⁻⁶ என்றால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) என்ன? அடுக்கில் இருப்பது 6. முன்னால் உள்ள எண் 1-க்கும் 10-க்கும் இடையில் இருப்பதால் விடை 5-க்கும் 6-க்கும் நடுவில்தான் வரும். 2-இன் மடக்கை சுமார் 0.3, 4 என்பது 2 × 2, ஆகவே 0.6. ஆறிலிருந்து 0.6 போனால் 5.4. விடைகள் 3.4, 5.4, 6.6, 8.6 என்று இருந்தால் கடைசிப் படிகூடத் தேவையில்லை.

2-க்கு 0.3, 3-க்கு 0.48, இந்த இரண்டையும் மனப்பாடம் செய்யுங்கள். புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஐ 10 என்றே வையுங்கள். பொது வேதியியலின் முதல் வாரத்திலிருந்தே வீட்டுக்கணக்குகளை இப்படிப் போட்டுவிட்டு, சரிபார்க்க மட்டும் கால்குலேட்டரைத் தொடுங்கள்.

3. கார்ஸ் நமக்குச் சுலபம் என்று நம்பாதீர்கள்

கார்ஸ் என்பது எம்கேட்டின் வாசிப்புப் பகுதி: ஒன்பது பத்திகள், 53 கேள்விகள், 90 நிமிடம். வாசிப்புப் பகுதிதானே, நாம் பார்க்காத வாசிப்பா என்று தோன்றும். ஆனால் பத்திக்கு வெளியே இருப்பதையெல்லாம் கொண்டுவந்து பொருள் சொல்லத்தான் நமக்குப் பயிற்சி. இங்கே அதற்கு மதிப்பெண் இல்லை. பத்தியில் எந்த வரி இந்த விடையைத் தாங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த விடை தவறு. அதுவும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பத்தியாக வந்துவிட்டால் இரட்டிப்பு எச்சரிக்கை.

4. கருவிகள்

மனப்பாடத்துக்கு ஆன்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி. கணினியில் இலவசம். பிறர் செய்த அட்டைகளை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் கரிம வேதியியலுக்கு நீங்களே செய்யுங்கள். எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போகிறது என்று கையால் வரையாமல் அது ஏறாது. கான் அகாடமி காணொலிகள் புரிந்துகொள்ள நல்லவை. கணக்குப் போடுவதற்கு மாற்றாகாது. தேர்வை நடத்தும் ஏஏஎம்சியின் மாதிரித் தேர்வுகளைக் கடைசி மாதங்களுக்கு ஒதுக்குங்கள். அவை தீர்ந்துபோனால் அதே தரத்தில் வேறு கிடைப்பதில்லை. வண்ணவண்ணப் பேனாக்கள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

5. நோயாளிகளுக்கு அருகில் ஏதாவது வேலை

படிப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் வாரத்தில் சில மணி நேரம் இப்போதே தொடங்குங்கள்.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இரண்டு பேர் கேட்டதால் இது. பள்ளியிலோ பல வருடங்களுக்கு முன்போ எடுத்த அறிவியல் பாடங்களைச் சில கல்லூரிகள் ஏற்பதில்லை; ஆய்வக வகுப்பை இணையவழியில் முடித்திருந்தாலும் அப்படித்தான். வெளிநாட்டுப் பட்டம் வைத்திருப்பவர்களிடம் பல கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களையும் எதிர்பார்க்கின்றன. பணம் கட்டுமுன் நீங்கள் விரும்பும் ஒவ்வொரு கல்லூரியின் சேர்க்கைப் பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம், பதில் எழுத்தில் இருக்கட்டும்.