கண் அழுத்தம் 14 என்று வந்தால் நிம்மதியா?

பெங்களூரு அல்சூரில் நான் வேலை பார்க்கும் கண் கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், கண் அழுத்தம் அளக்கும்போது நான் அந்த வயதில் செய்த தவறுகளையே அச்சு அசலாகச் செய்கிறார்கள். கருவியின் முனையைத் துடைக்க மறப்பதெல்லாம் முதல் வாரத்திலேயே திட்டு வாங்கிச் சரியாகிவிடும். மற்றவைதான் ஆபத்து.

லேசிக் பற்றிக் கேட்காமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் ஓசூர்க்காரர் ஒருவர், கண்ணாடி இல்லாமல் வந்தார். அழுத்தம் 14 மி.மீ. பாதரசம். ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பினேன். 2 வருடம் கழித்து வந்தபோது பார்வைப் புல சோதனையில் மேல் பக்கம் வில் போலக் கறுத்திருந்தது: பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமாவின் அடையாளம். அப்போதுதான் கருவிழியின் (கண்ணின் முன்பக்கத்தில் உள்ள தெளிவான படலம்) தடிமனை அளக்கும் பேக்கிமீட்டர் வைத்தேன்: 438 மைக்ரான். மைனஸ் 8 பவருக்கு லேசிக் செய்துகொண்டவர், அதாவது லேசரால் கருவிழியைச் செதுக்கி மெலிதாக்கியிருந்தார்கள். “அப்போ நல்லா இருக்குன்னுதானே அண்ணா சொன்னீங்க?” என்றார்.

அழுத்தம் அளக்கும் கோல்ட்மேன் கருவி கண்ணுக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. கருவிழியின் நடுவில் 3.06 மி.மீ. வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு அழுத்த வேண்டியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. கருவிழி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் (500 மைக்ரான்) தடிமன் இருக்கும் என்ற கணக்கில் செய்த கருவி அது. மெலிந்த கருவிழி சட்டென்று வளைந்து கொடுக்கும், எண் குறைவாக வரும். தடித்தது முரண்டு பிடிக்கும், எண் ஏறும்.

“லேசிக் பண்ணியிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டால் போதாது, வேறு பெயருள்ள லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்கள் இல்லை என்று தலையாட்டிவிடுவார்கள். “முன்னாடி கண்ணாடி போட்டிருந்தீங்களா, எப்போ விட்டீங்க?” என்று கேளுங்கள். கன்னடத்திலும் கேட்கப் பழகுங்கள்.

அட்டவணை பார்த்துக் கூட்டிக் கழிப்பது

தடிமனுக்கு ஏற்ப அழுத்த எண்ணைத் திருத்த வேண்டாம். எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும் சூத்திரம் கிடையாது. அளந்ததை அப்படியே எழுதி, பக்கத்தில் தடிமனைக் குறியுங்கள். மெலிந்த கருவிழி எண்ணைக் குறைத்துக் காட்டுவதோடு நிற்பதில்லை. அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் 2002 முடிவுகளில், 555 மைக்ரானோ அதற்குக் கீழோ இருந்தவர்களுக்கு, 588-க்கு மேல் இருந்தவர்களைவிடக் கிளாக்கோமா வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு.

வீக்கத்தைத் தடிமன் என்று நினைப்பது

நீர் கோத்து வீங்கிய கருவிழி 600 மைக்ரானைத் தாண்டும். ஆனால் மெத்தென்று இருப்பதால் எண் குறைவாகவே வரும்.

காற்றடிக்கும் கருவியை மட்டும் நம்புவது

கூட்டத்தில் சந்தேகப்படும்படி இருப்பவர்களைச் சலித்தெடுக்க மட்டும்தான் அது.

இறுக்கமான காலர்

கழுத்து இறுகினால் எண் ஏறும். மேல் பட்டனைக் கழற்றச் சொல்லுங்கள்.