வேலைத் தகராறுக்கு வக்கீல் வைக்கும்போது செய்யக்கூடாதவை

வேலையில் பிரச்சினை என்றால் நம்மில் பலர் வக்கீலிடம் கடைசியாகத்தான் போகிறோம். மேனேஜரிடம் பேசிப் பார்ப்போம், எச்.ஆர். விசாரணை முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும். மற்ற தவறுகளை ஓரளவு சரிக்கட்டலாம். காலக்கெடு போனால் பெரும்பாலும் போனதுதான். ஜெர்மனியில் வேலைநீக்கக் கடிதம் கைக்கு வந்த 3 வாரத்துக்குள் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாக வேண்டும். அமெரிக்காவில் வேலையில் பாகுபாடு காட்டினார்கள் என்ற புகாரை மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் (EEOC) கொடுக்கப் பொதுவாக 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள். உள்ளே விசாரணை நடக்கிறது என்பதற்காக இந்தக் கணக்கு நிற்பதில்லை. ஜெயிப்போமா என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வக்கீலுக்குப் போன் போட்டதும் கடைசித் தேதியைக் கேளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள், அனுபவச் சான்றிதழ் சுத்தமாக வரும்" என்று இதமாகச் சொல்வார்கள். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று அதில் ஒரு வரி இருக்கும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால், மிரட்டி எழுத வைத்தார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். 'வரவேண்டியதெல்லாம் வந்துவிட்டது, இனி எதுவும் கோரமாட்டேன்' என்கிற செட்டில்மென்ட் தாளும் அதே ரகம். வக்கீலிடம் காட்ட இரண்டு நாள் கேளுங்கள். தரமாட்டேன் என்றால், அவசரம் அவர்களுக்குத்தான் என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, எந்த வக்கீல்? சொத்து வழக்கில் கில்லாடியான சொந்தக்காரர் இதற்குச் சரிப்படமாட்டார். தொழிலாளர் சட்டத்தையே முக்கிய வேலையாகச் செய்பவரைத் தேடுங்கள். பெரும்பாலும் நிறுவனங்களுக்காக ஆஜராகிறாரா, உங்கள் நிறுவனத்துக்கு எப்போதாவது வேலை பார்த்திருக்கிறாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேஸை அவரே நடத்துவாரா, ஜூனியரிடம் விட்டுவிடுவாரா என்பதும் முக்கியம். 'நூறு சதவீதம் ஜெயம்' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஃபீஸை வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதி வாங்குங்கள்: நோட்டீசுக்கு எவ்வளவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியா, சமரசமானால் என்ன கணக்கு. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சகஜம். இந்தியாவில் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஜெயித்தால் எதிராளி வக்கீல் செலவைத் தருவார் என்றும் நம்பியிருக்காதீர்கள். ஜெர்மனியில் முதல் நிலை தொழிலாளர் நீதிமன்றத்தில் ஜெயித்தவரும் தன் வக்கீலுக்குத் தானேதான் கொடுக்க வேண்டும்.

முதல் சந்திப்புக்கு நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வந்த மெமோக்கள், எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று ஒரே பக்கத்தில் எழுதிய குறிப்பு இவை போதும். உங்களுக்குப் பாதகமான மெமோவையும் சேர்த்தே கொடுங்கள். அதை மறைத்தால் எதிர்த்தரப்பு நீட்டும்போதுதான் உங்கள் வக்கீல் முதல்முறையாகப் பார்ப்பார். ஆதாரம் திரட்டுகிறேன் என்று அலுவலக ஃபைல்களை மொத்தமாகச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். ரகசியத்தை மீறினீர்கள் என்று உங்கள்மேலேயே புகார் திரும்பும். எதை எடுக்கலாம் என்று வக்கீலிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். அந்தக் கேள்வியையும் அலுவலக லேப்டாப்பிலிருந்து அனுப்ப வேண்டாம்.