யோசனை சொல்பவரிடம் நோட்டை நீட்டுங்கள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தமிழர்கள் நடத்தும் பொங்கல் விழாவுக்கு நீங்கள் பொறுப்பு என்றால், ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கையில் இருக்கட்டும். கேட்காமலே யோசனை சொல்ல வருபவரிடம், "நல்லது மாமா, இதில் எழுதி, யார் செய்வது, எவ்வளவு செலவாகும் என்பதையும் குறித்துவிடுங்கள்" என்று நீட்டுங்கள். "இலைச் சாப்பாடே போடலாமே" என்று சொல்ல அரை நிமிடம் போதும். எழுத உட்கார்ந்தால்தான் இலை, பரிமாற ஆள், எச்சில் இலை எடுக்க ஆள் எல்லாம் கண்முன் வரும். பலர் பேனாவைத் தொடமாட்டார்கள். எழுதித் தருபவரை மட்டும் விட்டுவிடாதீர்கள், அவர் உண்மையிலேயே வேலைக்கு ஆகிறவர்.

சமையல் இடத்தில் காஸ் வாடை, பந்தல் ஒயரில் தீப்பொறி என்று யாராவது சொன்னால் நோட்டை நீட்டாதீர்கள். அந்த நொடியே எழுந்து போய்ப் பாருங்கள்.