இரண்டு கிட்டார், ஒரே பாட்டு: சேர்ந்து வாசித்துப் பாட்டை அமைப்பது எப்படி?

புதிதாகக் கிட்டார் கற்ற இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், முதல் நாள் இருவரும் ஒரே கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் பிடி) ஒரே இடத்தில் பிடித்து, ஒரே ஸ்ட்ரம்மிங்கை (கம்பிகளை மேலும் கீழும் வருடி அடிப்பது) அடிப்பார்கள். சத்தம் கூடும், பாட்டு கூடாது. யார் எங்கே வாசிப்பது என்பதைவிட யார் எங்கே சும்மா இருப்பது என்று முடிவு செய்வதுதான் இதில் பாதி வேலை.

உதாரணத்துக்கு ஜி மேஜரில் ஒரு மெலடியை எடுத்துக்கொள்வோம். கார்டுகள் ஜி – இ மைனர் – சி – டி. ஒரு பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று. பாருக்கு 4 தட்டு, ஒரு பாருக்கு ஒரு கார்டு, நிமிடத்துக்கு 84 தட்டு. தேவையானவை: இரண்டு அகௌஸ்டிக் கிட்டார், ஒரு கேப்போ (கிட்டார் கழுத்தில் உள்ள கோடுகளான ஃப்ரெட்டுகளில் ஒன்றில் எல்லாக் கம்பிகளையும் அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்), ஒரு டியூனர், மெட்ரோனோம் (தாளத் தட்டு ஒலிக்கும்) ஆப் உள்ள ஒரு போன், ஒலிப்பதிவுக்கு இன்னொரு போன், தாள், பென்சில். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டியிருக்கும்.

1. சுருதி சேர்ப்பது

டியூனர் ஒன்றே போதும் என்பது சிக்கனத்துக்காக அல்ல. பல கிளிப் டியூனர்களில் ஏ ஸ்வரத்தின் அளவை மாற்றும் பட்டன் உண்டு. பையில் கிடக்கும்போது அது அழுந்தி, 440 ஹெர்ட்ஸ் 442 ஆகிவிடும். இருவர் டியூனரிலும் பச்சை விளக்கு எரியும், சேர்த்து அடித்தால் ஒட்டாது. ஒரே டியூனரால் இரண்டையும் சேர்த்தபின் இருவரும் முதல் கம்பியை, அதாவது மிக மெல்லியதை, ஒரே நேரத்தில் மீட்டுங்கள். ‘வவ்... வவ்...’ என்று அலை எழுந்தால் இன்னும் சேரவில்லை. இரண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு நொடிக்கு இரண்டு அலை கேட்கும். அலை மெதுவாகி நின்றுபோகும் இடம்தான் சுருதி.

கம்பி சுருதிக்கு மேலே போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தாதீர்கள். கொஞ்சம் அதிகமாகவே இறக்கி, மறுபடி ஏற்றிச் சேருங்கள். இறக்கி நிறுத்திய கம்பி பாதிப் பாட்டில் நழுவும்.

2. எந்தக் கட்டை?

பாடுகிறவர் இருந்தால் அவர் குரல்தான் முடிவு செய்யும். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு கட்டை டி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். அதற்கு இருவருமே ஒரு ஃப்ரெட் மேலே போக வேண்டும், அதனால் கேப்போவும் இரண்டு வேண்டும். இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாம் அமைத்து முடித்தபின் ‘எனக்கு எட்டலை’ என்று அவர் சொன்னால் வேலை முதலிலிருந்து தொடங்கும்.

3. தாளில் வரைபடம்

கார்டுகளை எழுத்தாக அல்லாமல் எண்ணாக எழுதுங்கள்: 1 – 6 – 4 – 5. ஜி-யை 1 என்று வைத்து ஸ்வர வரிசையில் எண்ணினால் இ ஆறாவது, சி நாலாவது, டி ஐந்தாவது. கட்டை மாறினாலும் தாள் மாறாது. அமெரிக்காவின் நாஷ்வில் ஸ்டுடியோக்களில் 1950களின் இறுதியிலிருந்து புழங்கும் வழி இது. அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பார் என்று எழுதுங்கள்:

முன்னிசை 4, பல்லவி 8, பிஜிஎம் 8, சரணம் 12, மறுபடி பல்லவி 8, முடிவு 2.

மொத்தம் 42 பார், அதாவது 168 தட்டு. நிமிடத்துக்கு 84 என்றால் சரியாக 2 நிமிடம். இந்த எண்ணைத் தாளின் மூலையில் குறித்து வையுங்கள், சீக்கிரமே உதவும்.

4. முதலில் தாளம் மட்டும்

ஒருவர் கார்டுகளை அடிக்கட்டும். மற்றவர் இடது கையால் கம்பிகளை லேசாகத் தொட்டு, ஸ்வரம் வராமல் ‘சக்-சக்’ என்று 2, 4 ஆகிய தட்டுகளில் மட்டும் அடிக்கட்டும். முதல் முறை மெட்ரோனோமுடன், அடுத்த முறை அது இல்லாமல். இரண்டாவதைப் பதிவு செய்யுங்கள். பதியும் போன் இருவரிடமிருந்தும் ஒரே தூரத்தில், ஒன்றரை மீட்டர் அளவில் இருக்கட்டும். ஒருவர் மடிக்குப் பக்கத்தில் வைத்தால் அவர் கிட்டார் மட்டும்தான் கேட்கும்.

இப்போது நேரத்தைப் பாருங்கள். 2 நிமிடத்துக்குப் பதில் 1 நிமிடம் 50 விநாடியில் முடிந்திருந்தால் வேகம் சராசரியாக 91-ஐத் தாண்டிவிட்டது. பெரும்பாலும் பல்லவி திரும்பும் இடத்தில் ஓடியிருப்பீர்கள்: சத்தத்தைக் கூட்டும்போது கை வேகத்தையும் கூட்டிவிடும். அந்த இடத்தைச் சுற்றியுள்ள நான்கு பாரை மட்டும் தனியாகப் பத்து முறை வாசியுங்கள். முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிப்பதால் இது சரியாகாது.

5. இடத்தைப் பிரிப்பது

முதல் கிட்டார் கேப்போ இல்லாமல் ஓபன் கார்டுகள் (சில கம்பிகளை அமுக்காமல் ஒலிக்க விடுபவை). இரண்டாவது கிட்டார் 7-வது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, சி – ஏ மைனர் – எஃப் – ஜி வடிவங்கள். காதுக்கு வருவது அதே ஜி – இ மைனர் – சி – டி. முதல் கிட்டாரின் ஜி கார்டு 98 ஹெர்ட்ஸில் தொடங்கும். இரண்டாவதில், சி வடிவத்தின் ஐந்தாவது கம்பி 196 ஹெர்ட்ஸ், சரியாக ஒரு ஸ்தாயி மேலே. இருவரும் தடித்த கம்பிகளில் ஒரே இடத்தில் அடித்தால் குழம்பிப்போகும் ஒலி இங்கே பிரிந்து நிற்கும்.

இரண்டாம் ஆள் ஆறாவது கம்பியைத் தொடவே வேண்டாம். ஜி வடிவம் வரும்போது நான்காவது கம்பியிலிருந்து தொடங்கினால் போதும், அடி ஸ்வரத்தை முதல் கிட்டார் பார்த்துக்கொள்ளும். எஃப் பிடிக்கக் கஷ்டமாக இருந்தால் முதல் கம்பியை அமுக்காமல் விடுங்கள். அது எஃப் மேஜர் செவன் ஆகும், மெலடிக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் கேப்போவால் அது காதுக்கு சி கார்டாக வருவதால், பாடுபவர் அங்கே சி ஸ்வரத்தில் நீட்டி நின்றால் உரசும். அப்போது முழு எஃப்தான் வழி.

கேப்போவை ஃப்ரெட்டை ஒட்டிப் பின்னால் மாட்டி, மாட்டியபின் மறுபடி சுருதி பாருங்கள். கேப்போ அழுத்தும்போது கம்பி சற்று மேலே ஏறும்.

6. பகுதி பகுதியாக அமைப்பது

முன்னிசையில் இரண்டாம் கிட்டார் மட்டும், ஒவ்வொரு கம்பியாக மீட்டட்டும். பல்லவி தொடங்கும்போது முதல் கிட்டார் மெல்லிய பிக்கால் இலேசான ஸ்ட்ரம்மிங். இரண்டாவது, பாருக்கு ஒரு முறை கார்டைத் தட்டி ஒலிக்க விட்டால் போதும். பிஜிஎம்மில் முதல் கிட்டார் உள்ளங்கை ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிகள்மேல் வைத்து அடக்கி அடிக்க, இரண்டாவது ஜி, ஏ, பி, டி, இ என்ற ஐந்து ஸ்வரங்களுக்குள் ஒரு மெட்டைப் போடலாம். சரணத்தின் முதல் நான்கு பாரில் முதல் கிட்டார் முழுக்க நிற்கட்டும். அது திரும்ப நுழையும்போதுதான் பாட்டு நிமிரும். புதிதாக வாசிப்பவர்களுக்கு இந்த நான்கு பார் சும்மா இருப்பதுதான் மிகவும் கஷ்டம்.

பாடுபவர் பாடும்போது இடையில் பிட் (சிறு இசைத் துணுக்கு) போடாதீர்கள். வரி முடிந்து மூச்சு எடுக்கும் கடைசி இரண்டு தட்டுகள்தான் உங்கள் இடம். ஒருவர் பேசும்போது மற்றவர் கம்பியை நோண்டிக்கொண்டிருப்பதும் வேண்டாம். ஒத்திகை நேரத்தை அதிகம் தின்பது அதுதான்.

7. முடிவு

பலரும் அமைக்க மறப்பது இதைத்தான். கடைசி டி கார்டில் இருவரும் ஒருவரை ஒருவர் பாருங்கள். அடுத்த பாரின் முதல் தட்டில் சேர்ந்து ஒரே ஒரு ஜி, அவ்வளவுதான். அதை நான்கு தட்டும் ஒலிக்கவிட்டு, முதல் கிட்டார்காரர் தலையசைத்ததும் இருவரும் உள்ளங்கையால் கம்பிகளை அமர்த்துங்கள். பதிவை நிறுத்த அவசரப்படாமல் மூன்று விநாடி விடுங்கள். யாருடைய கம்பி இன்னும் முனகுகிறது என்பது அங்கே தெரிந்துவிடும்.