வீட்டுத் தச்சுப் பட்டறைக்குத் தூசி உறிஞ்சும் குழாய் அமைப்பது எப்படி?

தரையில் குவியும் மரத்தூளைக் கூட்டி அள்ளிவிடலாம். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதக்கும் பொடி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தேக்கு, ஈட்டி மரத் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சிரைப்பும் கொடுக்கும். அதனால் அடுத்த மெஷினை வாங்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

10-க்கு 12 அடி அறை, டேபிள் சா (மேசையில் பொருத்திய வட்ட ரம்பம்), திக்னஸ் பிளேனர் (பலகையைச் சீவி ஒரே கனமாக்கும் மெஷின்), பேண்ட் சா (பட்டை ரம்பம்), 4 அங்குல வாய் கொண்ட 1 ஹெச்.பி. டஸ்ட் கலெக்டர் (தூசியை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் மெஷின்) என்று வைத்துக்கொள்வோம். வாக்குவம் கிளீனர் இதற்குச் சரிவராது. அதன் இழுவிசை அதிகம், ஆனால் இழுக்கும் காற்றின் அளவு குறைவு.

முதலில் தாளில் வரையுங்கள்

அதிகமாகத் துப்புவது பிளேனர். அதைக் கலெக்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். பிரதான குழாயைக் கூரையில் ஏற்றாமல், சுவரோடு மெஷின் உயரத்திலேயே கொண்டுபோவதுதான் சின்ன அறைக்கு நல்லது என்பேன். நீளமும் வளைவும் குறையும்.

மரத்தூள் வழியில் படியாமல் போக, காற்று நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 4 அங்குலக் குழாயில் அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 கன அடி காற்று தேவை. 6 அங்குலக் குழாய் போட்டால் இன்னும் நன்றாக இழுக்கும் என்று தோன்றும். ஆனால் அதே 350 கன அடி அதில் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் நகரும்; சீவல் நடுவழியில் படிந்துவிடும். இந்தக் கலெக்டருக்கு 4 அங்குலமே போதும்.

குழாய் வாங்குவது

பிளம்பிங் கடையில் 110 மி.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். பைப் (கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடும் பி.வி.சி. குழாய்) கேளுங்கள். இதில் 'ஏ' வகை மெல்லியது, மழைநீருக்குப் போடுவது. நமக்கு அது போதும். 110 என்பது வெளி விட்டம். அதனால் கலெக்டர் வாயின் அளவை எடுத்துக்கொண்டு போய், பொருத்தமான ரெடியூசரையும் (இரண்டு அளவுகளை இணைக்கும் துண்டு) அங்கேயே மாட்டிப் பார்த்து வாங்குங்கள்.

சொல்யூஷன் போட்டு ஒட்டும் வகையை விட, ரப்பர் வளையம் வைத்துச் செருகும் வகையை எடுங்கள். நாளைக்கு மெஷினை இடம் மாற்றினால் கழற்றி மாட்டலாம். டீயும் (T வடிவ இணைப்பு) 90 டிகிரி எல்போவும் (செங்கோண வளைவு) வேண்டாம். கிளை பிரியும் இடத்தில் ஒய் (Y வடிவ இணைப்பு), திரும்பும் இடத்தில் இரண்டு 45 டிகிரி பெண்ட். ஒன்றிரண்டு ஒய் மட்டும் டோர் (திறக்கும் மூடி) வைத்ததாக இருக்கட்டும். அடைப்பு வந்தால் மூடியைத் திறந்து கையாலேயே எடுத்துவிடலாம்.

மாட்டும்போது

கலெக்டரைச் சாக்கடை என்றும், காற்றைத் தண்ணீர் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள். பிளம்பர் எந்தத் திசையில் சாக்கெட்டையும் ஒய்யையும் வைப்பாரோ அதே திசைதான். கிளையை மட்டும் பிரதான குழாயின் பக்கவாட்டிலோ மேலேயோ எடுங்கள். அடியில் எடுத்தால், மூடியிருக்கும் கிளைக்குள் தூள் விழுந்து நிரம்பும்.

ஆக்சா பிளேடால் அறுத்ததும் குழாயின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு இருக்கும். பிளேனரிலிருந்து வரும் நீளமான சுருள் ஒன்று அதில் மாட்டினால் அடுத்தடுத்து வருவதெல்லாம் அதைப் பிடித்துக்கொள்ளும். அரத்தாலோ உப்புத்தாளாலோ வழித்துவிட்டு, வெளிவிளிம்பைக் கொஞ்சம் சாய்வாகத் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவிச் செருகுங்கள். கழிவுநீர்க் குழாயில் விரிவடைய இடைவெளி விடுவார்கள். இங்கே அது வேண்டாம், கடைசி வரை தள்ளுங்கள்.

குழாய் முடிந்து மெஷினைத் தொடும் கடைசித் துண்டுக்கு மட்டும் ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ். உள்ளே வரிவரியாக இருப்பதால் காற்றை நன்றாகவே தடுக்கும், எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது.

பிளாஸ்ட் கேட்

ஒவ்வொரு கிளைக்கும் ஒரு இழுப்புக் கதவு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கணும். இரண்டு 12 மி.மீ. பிளைவுட் துண்டுகளில் குழாய் அளவுக்கு ஓட்டை போட்டு, நடுவில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு நழுவும்படி செய்தால் ஆச்சு. தகடு போய் முட்டும் முனையை அடைக்காமல் திறந்தே விடுங்கள். அடைத்தால் அந்த மூலையில் தூள் இறுகி, கதவு முழுசாக மூடாது.

சோதனை

எல்லா கேட்டையும் மூடிக் கலெக்டரை ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் பக்கத்திலும் மெல்லிய டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடியுங்கள். உள்ளே இழுத்தால் அங்கே கசிவு. அலுமினியம் டேப் சுற்றுங்கள். டோர் மூடியின் வாஷரையும் பாருங்கள். ஊதுபத்தி காட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. மரத்தூள் ஏறிய குழாயில் அதைச் செய்யவே கூடாது. கங்கு உள்ளே போனால் பை பற்றிக்கொள்ளும். இதே காரணத்துக்காகத்தான் இரும்பு தேய்க்கும் கிரைண்டரையும் இந்தக் குழாயில் இணைக்கக் கூடாது.

கலெக்டரோடு வந்த துணிப்பை 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட தூளைத்தான் பிடிக்கும் என்றால், ஆபத்தான நுண்தூசியை அது அறைக்குள்ளேயே திருப்பி ஊதும். 1 மைக்ரான் பை மாற்றுங்கள், அல்லது கலெக்டரை அறைக்கு வெளியே வையுங்கள். கையில் பிடிக்கும் சாண்டருக்கு (உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் மெஷின்) இந்தக் குழாய் உதவாது. அதற்கு வாக்குவம் கிளீனரும் என்95 முகக்கவசமும் வேண்டும்.