பெல்லினி கலக்கும்போது மிக்ஸி எதற்கு?

போன ஜூலையில் மிலானில் படிக்கும் ஒரு தம்பி போன் செய்தான். அன்று மாலை அவன் அறைக்கு எட்டுப் பேர் வருகிறார்களாம், பெல்லினி என்ற காக்டெயில் கலக்கப் போகிறானாம். "அண்ணே, பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கு, கிளாஸும் ஃபிரிட்ஜில் இருக்கு, பீச் இப்பதான்..." என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கர்ரென்று ஒரு சத்தம். அது என்ன சத்தம் என்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பல வருடம் முன்பு இத்தாலியின் திரெவீசோ ஊரில் ஒரு வீட்டுச் சமையலறையில் நானே அதே சத்தத்தை எழுப்பியிருக்கிறேன்.

பெல்லினியில் இரண்டே பொருட்கள்தான்: வெள்ளைச் சதை உள்ள பீச் பழக்கூழும் புரோசெக்கோ என்ற நுரைக்கும் இத்தாலிய ஒயினும். வெனிஸில் 1931இல் ஹாரிஸ் பாரைத் திறந்த ஜுசெப்பே சிப்ரியானி உண்டாக்கியது. 1948 என்பது பரவலாகச் சொல்லப்படும் வருடம். அதன் இளஞ்சிவப்பு நிறம் ஜொவான்னி பெல்லினியின் ஓவியத்தில் வரும் நிறத்தை நினைவூட்டியதால் இந்தப் பெயர். அந்த பாரின் கணக்கு ஒரு பங்கு கூழுக்கு மூன்று பங்கு ஒயின். சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு 50 மில்லி கூழ், 100 மில்லி ஒயின். எனக்கு முதல் கணக்குதான் பிடிக்கும், இரண்டாவதில் பழம் கொஞ்சம் தூக்கல்.

சூடான பாட்டில், பழுக்காத பழம், விட்டத்தைப் பார்த்துச் சுடும் கார்க் இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒருமுறை பட்டால் யாருக்கும் புரிந்துவிடும். பட்டும் புரியாத ஒன்று இருக்கிறது.

மிக்ஸி

அந்தத் திரெவீசோ வீட்டில் பிறந்தநாள் விருந்து. பன்னிரண்டு பேர், மூன்று பாட்டில். கிளாஸுக்கு 100 மில்லி ஒயின் என்றால் மூன்று பாட்டில் இருபத்திரண்டு கிளாஸுக்கு வரும். ஆளுக்கு ஒன்று போக, மறு சுற்றுக்கும் இருக்கும். கணக்கெல்லாம் சரி. நான் பழத்தைத் தோலோடு மிக்ஸியில் போட்டு, வழவழவென்று வரும்வரை அடித்தேன். பார்க்க அழகாக, பஞ்சு மாதிரி இருந்தது. அந்தப் பஞ்சுதான் வினை.

கிளாஸில் கூழை விட்டு ஒயினை ஊற்றினேன். பொங்கல் பானை மாதிரி பொங்கியது. குறுகலான ஃபுளூட் கிளாஸ் வேறு. நுரைக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. முதல் கிளாஸ் மேஜை விரிப்பில், இரண்டாவது என் சட்டையில். நுரை அடங்கியபின் பார்த்தால் கிளாஸில் கால்வாசிதான் நிற்கிறது. மேலே ஊற்றினால் மறுபடி பொங்குகிறது. மூன்று பாட்டிலும் தீர்ந்தபோது இரண்டு பேர் கையில் இன்னும் காலி கிளாஸ். இதற்குள் ஜாடியில் மிச்சமிருந்த கூழ் பழுப்பாகிவிட்டது. அந்த வீட்டு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பேசிய பணத்தைக் கொடுத்தார், அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

ஏன் இப்படி ஆகிறது? நுரைக்கும் புரோசெக்கோ பாட்டிலுக்குள் வாயு 3 பாருக்கு (பார் என்பது இங்கே அழுத்தத்தின் அலகு) குறையாத அழுத்தத்தில் கரைந்திருக்கிறது. திறந்ததும் வெளியேறத் துடிக்கும், ஆனால் புதுக் குமிழ் தானாக உருவாவது சுலபமில்லை. ஏற்கெனவே ஒரு துளிக் காற்று எங்காவது ஒட்டியிருந்தால் அதற்குள் புகுந்து பெருத்து மேலேறும். மிக்ஸியின் பிளேடு பழத்தை மட்டுமா அடிக்கிறது? காற்றையும் சேர்த்து அடித்து, கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குமிழ்களைக் கூழுக்குள் அடைத்துவிடுகிறது. அத்தனையும் ஒயின் வாயுவுக்குத் திறந்த வாசல்கள். பொடியான நாரும் சேர்ந்துகொள்வதால் நுரை உடையாமல் நிற்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குமிழ் முழுக்க முதல் அரை நிமிடத்தில் போய்விடும்.

நிறம் போவதும் இதனால்தான். நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறதே, அதே விஷயம். அதிலும் வெட்டுப்பட்ட இடம் மட்டும்தான் கறுக்கும்; மிக்ஸியில் பழம் முழுவதுமே வெட்டுப்பட்ட இடம், ஒவ்வொரு துளிக்கும் பக்கத்திலேயே காற்று.

"அடிச்சுட்டு வடிகட்டினா?" என்று கேட்காதவர்கள் குறைவு. வடிகட்டி நாரைப் பிடிக்கும். காற்றைப் பிடிக்காது.

செய்ய வேண்டியது இதுதான். நன்றாகக் கனிந்த வெள்ளை பீச்சை இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுங்கள். தோலை உரிக்க வேண்டாம். கம்பிச் சல்லடையில் வைத்து, கரண்டியின் முதுகால் மெதுவாகத் தேய்த்துத் தள்ளுங்கள். தோல் மேலே தங்கிவிடும், அதன் சிவப்பில் கொஞ்சம் கீழே இறங்கும். அந்த ரோஜா நிறம் இப்படி வந்ததாக இருக்கட்டும், சிரப்பால் வந்ததாக வேண்டாம். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, கூழின்மேல் ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஒயினும் கூழும் ஒரே குளிர்ச்சிக்கு வரும்வரை ஃபிரிட்ஜில் வையுங்கள். நடுத்தரப் பழம் ஒன்று ஏறத்தாழ இரண்டு கிளாஸுக்குக் காணும். எட்டுப் பேருக்கு நாலைந்து பழம். இதற்கா மிக்ஸி?

ஏற்கெனவே அடித்துத் தொலைத்துவிட்டீர்கள் என்றால் எலுமிச்சை விட்டு இரண்டு மூன்று மணி நேரம் அசைக்காமல் குளிரவிடுங்கள். மேலே திரளும் நுரையை வழித்து எறிந்துவிட்டு அடியிலிருப்பதை எடுங்கள். உயிர் போகாது, ஆனால் முகம் களையாக இருக்காது.

மஞ்சள் பீச்

வேண்டாம்.

டின் பீச்

மேலே பார்க்கவும்.

மாம்பழம்

நன்றாகவே இருக்கும். ஆனால் அது பெல்லினி இல்லை. ஸ்ட்ராபெரி போட்டால் ரோஸ்ஸினி, மாண்டரின் ஆரஞ்சு போட்டால் புச்சினி என்று இத்தாலிக்காரர்களே தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மாம்பழத்துக்கு நாம் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

'எக்ஸ்ட்ரா டிரை' என்ற பொறி

புரோசெக்கோ லேபிளில் டிரை என்றால் இனிப்பில்லாதது, எக்ஸ்ட்ரா டிரை என்றால் துளிகூட இனிப்பில்லாதது என்று நினைத்து வாங்குகிறார்கள். இல்லை, இரண்டிலும் இனிப்பு உண்டு. புரூட் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்கும் குறைவான சர்க்கரை. எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 வரை. வெறும் டிரை என்றால் 17 முதல் 32 வரை. பழத்திலேயே இனிப்பு இருப்பதால் புரூட் எடுங்கள்.

பணத்தைக் காட்ட ஷாம்பெயின் வாங்குபவர்களும் உண்டு. ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே மறுபடி நொதித்து, ஈஸ்ட்டோடு மாதக்கணக்கில் கிடந்து ரொட்டி வாசனை ஏறியது. வெள்ளை பீச்சின் மென்மணம் அதன் பக்கத்தில் நிற்காது. புரோசெக்கோ கிளேரா திராட்சையிலிருந்து, பெரும்பாலும் பெரிய தொட்டியில் நொதித்து வருவது. பேரிக்காய், ஆப்பிள் மாதிரி லேசான வாசனை. இரண்டும் ஒன்றையொன்று அமுக்காது. விலையும் குறைவு.

முன்கூட்டியே கலந்து வைப்பது

விருந்தினர் வர அரை மணி இருக்கும்போது ஜாடியில் கலந்தால் அவர்களுக்குக் கிடைப்பது பீச் ஜூஸ்.

ஊற்றும் அவசரம்

கூழின்மேல் முதலில் ஒயினைக் கொஞ்சமாக, கிளாஸைச் சாய்த்து விடுங்கள். நுரை அடங்கட்டும். நீளக் கரண்டியால் அடியிலிருந்து ஒரே ஒரு முறை தூக்கிவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். தேநீருக்குச் சர்க்கரை கலக்குவதுபோல் சுற்றாதீர்கள். ஃபுளூட் கிளாஸ்தான் வேண்டும் என்றும் இல்லை. ஹாரிஸ் பாரிலேயே சின்ன நேர்க் கிளாஸில்தான் தருகிறார்கள்.

டிசம்பரில் பெல்லினி

வெள்ளை பீச் கோடைப் பழம். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை கிடைக்கும்போது தேய்த்து, ஐஸ் தட்டில் உறையவைத்துக்கொள்ளுங்கள்.

மிலான் தம்பி அன்றிரவே மறுபடி கூப்பிட்டான். பேசவில்லை, கேமராவை மேஜைப் பக்கம் திருப்பிக் காட்டினான். அடுத்த ஞாயிறு சல்லடை வாங்கி வந்து, என்னைத் திரையில் உட்காரவைத்துத் தேய்த்தான். மூன்றாவது பழத்தில் "கை வலிக்குதுண்ணே" என்றான்.

மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறாயா என்று மட்டும் கேட்டேன்.